டிகிரி சேர்ந்தாச்சு, அடுத்து என்ன? குடுபல்லி, குப்பம் மாணவர்கள் முதல் செமஸ்டரிலேயே போட வேண்டிய கணக்கு

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், மாநிலத்தின் ஓரத்தில் இருக்கிறது குடுபல்லி. ஜோலார்பேட்டை - பெங்களூரு ரயில் பாதையில் குப்பத்துக்கு அடுத்த ஸ்டேஷன். ஒரு பக்கம் போனால் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் போனால் கர்நாடகா. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் சேர்ந்து என்று மூன்று மொழியும் புழங்கும் பகுதி இது.

இன்டர் முடித்த பிள்ளைக்கு இங்கே வழி ஒன்றல்ல, மூன்று. குப்பத்தில் டிகிரி சேரலாம். கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம் போகலாம். இல்லையென்றால் ரயில் ஏறி கேஜிஎஃப், பங்காருபேட்டை, கோலார். பெரும்பாலும் இதை முடிவு செய்வது "எந்த ஊருக்கு பஸ் வசதி, யார் கூட படிச்ச பசங்க எங்க போறாங்க" என்பதுதான்.

சில வருஷத்துக்கு முன்பு வரை இது பெரிய தப்பு கிடையாது. எங்கே படித்தாலும் மூன்று வருஷம், கையில் ஒரு பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. இப்போது நிலைமை அப்படி இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி டிகிரி, அந்தப் பக்கம் வேறு மாதிரி டிகிரி. முதல் ஆறு மாதத்தில் நீங்கள் டிக் செய்யும் ஒரு கட்டம், நாலு வருஷம் கழித்து பி.எட். அல்லது எம்.சி.ஏ. கவுன்சலிங்கில் வந்து நிற்கும். அதனால்தான் இந்தக் கணக்கை இப்போதே போட வேண்டும் என்கிறோம்.

'படிப்புத் திட்டம்' என்று ஒன்று இருக்கிறதா?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்றால் வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த கட்டணத்தில், இரண்டு வருஷம் படித்துவிட்டு வேலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகும் இடம். கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் 116 கம்யூனிட்டி கல்லூரிகள் உள்ளன. அங்கே நிறைய பேர் சேர்ந்தார்கள், ஆனால் எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்று தெரியாமல் பாதியில் விட்டவர்களும் நிறைய. 2012இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. புதிதாகச் சேரும் மாணவர் ஆலோசகரோடு உட்கார்ந்து தன் 'படிப்புத் திட்டத்தை' எழுத வேண்டும். அப்படி எழுதியவர்களுக்குப் பாடங்களைப் பதிவு செய்வதில் முன்னுரிமை.

அந்தத் திட்டம் பெரிய ஆவணம் ஒன்றும் இல்லை. நான் எங்கே போகணும், அதற்கு என்ன பாடம் வேணும், எந்த செமஸ்டரில் எதை முடிப்பேன் என்பதுதான்.

இந்தியாவுக்கும் கம்யூனிட்டி காலேஜ் புதிதல்ல. 1995இல் புதுச்சேரி பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. 1996இல் சென்னையில் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜ் வந்தது. ஆனால் இங்கே அது பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் இடமாக வளர்ந்தது. டிகிரிக்கு முந்தைய படியாக மாறவில்லை. நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது பக்கத்து டவுன் டிகிரி காலேஜ்தான். ஆலோசகர் என்று தனியாக ஒருவர் அங்கே இருப்பது அபூர்வம். ஆகவே அந்தப் பக்கத்தை நீங்களேதான் எழுத வேண்டியிருக்கும்.

மூன்று மாநிலம், மூன்று மாதிரி டிகிரி

ஆந்திரா தேசிய கல்விக் கொள்கையை ஒட்டி டிகிரியை மாற்றியது. முன்பு பி.எஸ்சி. என்றால் எம்.பி.சி., பி.இசட்.சி. என்று மூன்று பாடங்கள் சமமாக இருக்கும். 2023-24 சேர்க்கையிலிருந்து ஒரே ஒரு மேஜர் என்ற முறை வந்தது. கூடவே ஒரு மைனர். நான்கு வருஷம் படித்தால் ஹானர்ஸ்; மூன்று வருஷத்தில் டிகிரி வாங்கிக்கொண்டும் வெளியேறலாம்.

கர்நாடகா இதே நான்கு வருஷ முறையை 2021-22இலேயே கொண்டுவந்தது. பிறகு ஆட்சி மாறியது. 2024-25 சேர்க்கையிலிருந்து மறுபடியும் மூன்று வருஷ டிகிரி என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். எனவே கேஜிஎஃப், கோலார் பக்கம் படிக்கும் உங்கள் சீனியர் அண்ணன் சொல்வதும் இப்போது சேரும் உங்களுக்கு நடப்பதும் வேறாக இருக்கலாம்.

தமிழ்நாடு தேசிய கல்விக் கொள்கையை ஏற்கவே இல்லை. அரசு கலைக் கல்லூரிகளில் பழையபடி மூன்று வருஷப் பட்டம்தான்.

"அப்போ நாலு வருஷம் படிக்கிறது வேஸ்டா?" என்று கேட்டால், இல்லை. "அப்போ மூணு வருஷம் படிச்சா நஷ்டமா?" அதுவும் இல்லை. மூன்று வருஷ டிகிரிக்குப் பிறகு முதுகலை இரண்டு வருஷம். நான்கு வருஷ ஹானர்ஸுக்குப் பிறகு ஒரு வருஷ முதுகலைக்கு யுஜிசி அனுமதி கொடுத்திருக்கிறது. கூட்டிப் பாருங்கள், இரண்டுமே ஐந்துதான். ஆனால் நீங்கள் போக நினைக்கும் பல்கலைக்கழகம் அந்த ஒரு வருஷ முதுகலையை நிஜமாகவே நடத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அதேபோல, உங்கள் கல்லூரியில் உங்கள் பாடத்துக்கு நான்காம் வருஷ வகுப்பு இருக்கிறதா, அதற்குக் கட்டண உதவி கிடைக்குமா என்ற இரண்டையும் சேரும்போதே ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

நான்காம் வருஷம் நேரடியாகப் பலன் தருவது ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு. நான்கு வருஷ டிகிரியில் 75 சதவீதம் எடுத்தவர் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதி சொல்கிறது. வங்கி, எஸ்எஸ்சி, குரூப் தேர்வு என்று யோசிப்பவர்களுக்கு மூன்று வருஷ டிகிரியே போதும். அவர்களுக்கு அந்தக் கூடுதல் ஒரு வருஷம் தேர்வுக்குப் படிக்கும் வருஷமாக இருப்பது நல்லது என்றே தோன்றுகிறது.

எல்லையைத் தாண்டினால் எதை இழப்பீர்கள்?

இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நான்கு கிலோமீட்டர் அந்தப் பக்கம் போனாலே நீங்கள் 'வெளி மாநில மாணவர்'.

முதலில் இடஒதுக்கீடு. ஆந்திர தாசில்தார் கொடுத்த பி.சி. சான்றிதழை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டிலோ கர்நாடகாவிலோ அந்த மாநில ஒதுக்கீட்டில் சீட் கேட்க முடியாது. உங்கள் சாதி அங்கேயும் பட்டியலில் இருக்கலாம், சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்த ஊரிலேயே இருக்கலாம். இருந்தாலும் பொதுப் பிரிவில்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது உதவித்தொகை. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. "திருப்பத்தூர்ல சேர்ந்தா மாசம் ஆயிரம் வரும்" என்று நினைத்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அந்தப் பணம் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது (அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களையும் பிறகு சேர்த்தார்கள்). குடுபல்லி பள்ளியில் படித்தவருக்கு அது வராது.

மூன்றாவது, கொஞ்சம் சிக்கலானது. 'லோக்கல்' விவகாரம். அரசியல் சட்டத்தின் 371-டி பிரிவின் கீழ் ஆந்திராவில் 85 சதவீத சீட்கள் உள்ளூர் மாணவர்களுக்கு. சித்தூர், திருப்பதி எல்லாம் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பகுதியில் வருகின்றன. யார் உள்ளூர்? தகுதித் தேர்வு எழுதிய வருஷத்தோடு முடியும் நான்கு வருஷம் தொடர்ந்து அந்தப் பகுதியில் படித்தவர். டிகிரி சேர்க்கைக்கு என்றால் ஒன்பது, பத்து, இன்டர் இரண்டு வருஷம்.

இங்கேதான் எல்லையோரப் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். அப்பாவுக்கு பெங்களூருவில் வேலை, பிள்ளை அங்கேயே பத்தாவது வரை படித்து, இன்டருக்கு மட்டும் குப்பம் வந்திருக்கும். ஆதாரில் குடுபல்லி முகவரி, ரேஷன் கார்டும் இங்கேதான். ஆனால் கணக்கில் 'நான்-லோக்கல்'. அப்படிப்பட்டவர்களுக்கு வழி அடைபட்டுவிடாது. அப்பா அல்லது அம்மா ஆந்திராவில் மொத்தம் 10 வருஷம் வசித்ததற்குச் சான்று இருந்தால் மீதி 15 சதவீத சீட்களுக்குப் போட்டியிடலாம். சாதாரண டிகிரி கல்லூரிகளில் சீட் காலியாகவே கிடக்கும் என்பதால் இது பெரிதாகத் தெரியாது. நாளைக்கு பி.எட்., எம்.சி.ஏ., சட்டம் என்று போட்டி அதிகமுள்ள படிப்புக்குப் போகும்போது தெரியும். நீங்கள் வெளி மாநிலத்தில் டிகிரி படித்தால் அந்த நான்கு வருஷக் கணக்கு மறுபடியும் மாறும் என்பதையும் மனதில் வையுங்கள். ஸ்டடி சர்டிபிகேட்களை இப்போதே வாங்கி ஒரு பைலில் போட்டுவிடுங்கள். பழைய பள்ளி மூடிவிட்டால் அலைச்சல்.

இதெல்லாம் சொல்வது "வெளியே போகாதீர்கள்" என்பதற்காக அல்ல. நல்ல கல்லூரி, தமிழில் பாடம் விளக்கும் ஆசிரியர், பக்கத்திலேயே சித்தி வீடு என்று காரணம் இருந்தால் தாராளமாகப் போகலாம். என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து போகணும், அவ்வளவுதான்.

மேஜர் எடுப்பது எப்படி? கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள்

நிறைய பேர் மேஜரை "எது ஈசி" என்று பார்த்து எடுக்கிறார்கள். அதைவிட, மூன்று வருஷம் கழித்து எந்த வாசலில் போய் நிற்கப் போகிறோம், அந்த வாசலில் என்ன கேட்பார்கள் என்று பார்த்து அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

இந்தப் பகுதியில் அதிகம் கேட்கும் பதில், "டீச்சர் ஆகணும்". சரி, எந்த டீச்சர்?

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்கும் எஸ்ஜிடி வேலைக்கு டிகிரி தேவையே இல்லை. இன்டருக்குப் பிறகு இரண்டு வருஷ டி.எல்.எட். படித்து, டெட் எழுத வேண்டும். பி.எட். இருந்தால் இதற்கும் போகலாம் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளி வேலைக்கு பி.எட். தகுதி ஆகாது என்று சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆசை என்றால், மூன்று வருஷம் டிகிரி, இரண்டு வருஷம் பி.எட். என்று போய் வாசல் மூடியிருப்பதைப் பார்க்காதீர்கள்.

உயர்நிலைப் பள்ளியில் ஸ்கூல் அசிஸ்டென்ட் ஆக வேண்டும் என்றால் கதை வேறு. அங்கே டிகிரியும் பி.எட்.டும் வேண்டும். அதுவும் எந்தப் பாடம் நடத்தப் போகிறீர்களோ அது உங்கள் டிகிரியில் இருக்க வேண்டும். பி.எட். சேர எட்செட் எழுதும்போதே மெத்தடாலஜி பாடத்தை டிகிரி பாடத்தை வைத்துத்தான் கொடுப்பார்கள். பொதுப் பிரிவுக்கு டிகிரியில் 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் வேண்டும். ஆந்திரா 2025இல் நடத்திய மெகா டிஎஸ்சியில் மொத்தம் 16,347 பணியிடங்கள். ஆனால் இப்படி ஒரு அறிவிப்பு எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது என்று உங்கள் வீட்டுப் பக்கத்து பி.எட். முடித்த அக்காவைக் கேட்டுப் பாருங்கள். டீச்சர் ஆசையோடு இன்னொரு கதவும் திறந்திருக்கிற மாதிரி பாடம் எடுப்பது புத்திசாலித்தனம்.

ஐ.டி. பக்கம் போக ஆசைப்பட்டு "டிகிரி முடிச்சிட்டு எம்.சி.ஏ. பண்ணிக்கலாம்" என்கிறவர்கள் கணக்குப் பாடத்தைப் பார்க்க வேண்டும். ஐசெட் வழியாக எம்.சி.ஏ. சேர இன்டரிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருக்க வேண்டுமா என்பதை அந்த வருஷ அறிவிப்பில் பாருங்கள். இன்டரில் பைபிசியோ சிஇசியோ எடுத்தவர், டிகிரியிலும் கணிதம் இல்லாமல் போனால், அந்த வழி சிக்கலாகலாம். எம்.பி.ஏ.க்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த டிகிரியும் போதும்.

எம்.எஸ்சி. போகிறவர்களுக்குத்தான் ஒற்றை மேஜர் முறையால் பெரிய மாற்றம். முன்பு பி.இசட்.சி. படித்தவர் தாவரவியல், விலங்கியல், வேதியியல் மூன்றில் எதில் வேண்டுமானாலும் முதுகலைக்குப் போகலாம். கடைசி வருஷம் வரை யோசிக்க நேரம் இருந்தது. இப்போது விலங்கியல் மேஜர் என்றால் விலங்கியல்தான் நேர் வழி. மைனர் என்ன என்பதைப் பொறுத்து இன்னொரு வழி திறக்கலாம், திறக்காமலும் போகலாம். பழைய முறை மாணவருக்குக் கருணையாக இருந்தது என்பது நம் கருத்து. 17 வயதில் ஒரே பாடத்தைப் பிடித்துக்கொள் என்பது, பள்ளியில் லேப் கூட சரியாகப் பார்க்காத பிள்ளைக்கு அதிகம்.

ஆகவே மைனரைச் சும்மா நிரப்பாதீர்கள். "எல்லாரும் கம்ப்யூட்டர் போட்டாங்க, நானும் போட்டேன்" என்பது காரணம் ஆகாது. பொருளாதாரம் மேஜர் எடுத்தவர் புள்ளியியலை மைனராக எடுத்தால், எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வில் புள்ளியியல் அதிகாரி பதவிக்குத் தகுதி வர வாய்ப்பு உண்டு. பிளஸ் டூ அளவில் கணிதத்தில் 60 சதவீதம் இல்லாதவர்களுக்கு டிகிரியில் புள்ளியியல் படித்திருப்பதுதான் வழி. எத்தனை செமஸ்டர் படித்திருக்க வேண்டும் என்பதை அந்த வருஷ அறிவிப்பில் பாருங்கள். பி.காம். மாணவர் 55 சதவீதம் எடுத்தால் சி.ஏ.வில் ஃபவுண்டேஷன் தேர்வு இல்லாமல் நேராக இன்டர்மீடியட் நிலைக்குப் போகலாம். இந்த மாதிரி வாசல்களைத் தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ற பாடம் உங்கள் கல்லூரியில் மைனராக இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன கல்லூரிகளில் ஆசிரியர் இல்லாத பாடத்தை நோட்டீஸ் போர்டில் மட்டும் பார்க்கலாம்.

மேஜர், மைனர், செமஸ்டர் வாரியாக எது எப்போது என்ற விதிகளை ஆந்திராவில் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். சீனியரின் பாடப் பட்டியலை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். நீங்கள் சேர்ந்த வருஷத்துக்கான பாடத்திட்டத்தைத் துறைத் தலைவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கிரெடிட் என்றால் என்ன? நடுவில் நிற்க வேண்டி வந்தால்?

ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேர வகுப்பு. செய்முறை என்றால் 30 மணி நேரம். நான்கு கிரெடிட் பேப்பர் என்றால் 60 மணி நேரம், அதாவது 15 வாரத்துக்கு வாரம் நான்கு வகுப்பு. யுஜிசி கட்டமைப்பில் மூன்று வருஷ டிகிரிக்கு 120 கிரெடிட், நான்கு வருஷத்துக்கு 160. சராசரியாக செமஸ்டருக்கு 20.

இது ஏதோ ஆபீஸ் கணக்கு என்று தள்ளிவிடாதீர்கள். இந்தப் பகுதியில் படிப்பு பாதியில் நிற்பதற்குக் காரணங்கள் நமக்குத் தெரியும். இரண்டாம் வருஷம் முடியும்போது பெங்களூருவில் வேலை கிடைக்கும். காலை ரயிலில் ஊரே கிளம்பிப் போகும்போது வீட்டில் "இன்னும் என்ன படிப்பு" என்பார்கள். மாணவிக்கு வரன் வரும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். பழைய முறையில் இப்படி நின்றால் கையில் இருப்பது இன்டர் சர்டிபிகேட் மட்டும்.

2022 டிசம்பரில் வந்த யுஜிசி கட்டமைப்பின்படி, முதல் வருஷம் 40 கிரெடிட் முடித்து, கூடவே 4 கிரெடிட் தொழில்சார் பாடமும் முடித்தால் சான்றிதழோடு வெளியேறலாம். இரண்டு வருஷம், 80 கிரெடிட், அதே மாதிரி 4 கிரெடிட் தொழில்சார் பாடம் என்றால் டிப்ளமோ. மூன்று வருஷத்துக்குள் திரும்பி வந்து சேரலாம். மொத்தமாக ஏழு வருஷத்துக்குள் டிகிரியை முடிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் அந்த 4 கிரெடிட். "ரெண்டு வருஷம் படிச்சேன், டிப்ளமோ கொடுங்க" என்றால் கிடைக்காது. கோடை விடுமுறையில் அந்தத் தொழில்சார் பாடத்தை முடித்திருக்க வேண்டும். அரியர் வைத்திருந்தாலும் கிரெடிட் குறையும். நிற்க வேண்டி வரும் என்று லேசாகச் சந்தேகம் இருந்தாலே முன்கூட்டி ஆபீஸில் பேசி, எழுதிக் கொடுத்து நில்லுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் பெயர் நீக்கப்பட்டு, திரும்ப வருவது பெரிய பாடாகிவிடும்.

இந்தக் கிரெடிட்கள் சேரும் இடம் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ். 2021இல் வந்தது. டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க அபார் எண் எடுக்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், பத்தாம் வகுப்பு மார்க் மெமோவில் வேறு எழுத்து என்றால் இங்கே தடுக்கும். தமிழ்ப் பெயரைத் தெலுங்கில் எழுதி, அதிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றும்போது எழுத்து மாறுவது நம் பக்கத்தில் சகஜம். கிராம சச்சிவாலயத்திலோ ஆதார் மையத்திலோ முதல் செமஸ்டரிலேயே சரிசெய்துவிடுங்கள். உதவித்தொகைக்கும் இதே பெயர்ப் பிரச்சினை வரும்.

கல்லூரியில் இல்லாத பாடத்தை மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் படித்தும் கிரெடிட் சேர்க்கலாம். ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை அனுமதி உண்டு. ஆனால் பதிவு செய்வதற்கு முன்பு உங்கள் கல்லூரி அந்தப் பாடத்தை ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்டர்ன்ஷிப்பை விலைக்கு வாங்காதீர்கள்

2020இல் ஆந்திரா டிகிரி மாணவர்களுக்கு 10 மாத இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கியது. முதல் வருஷம் முடிந்ததும் இரண்டு மாதம் சமூக சேவை ப்ராஜெக்ட், இரண்டாம் வருஷம் முடிந்ததும் இரண்டு மாதம், பிறகு ஒரு முழு செமஸ்டர். நோக்கம் நல்லதுதான். நடைமுறையில் ஜெராக்ஸ் கடையில் ரெடிமேட் ரிப்போர்ட் வாங்கி, அட்டை போட்டுக் கொடுக்கிற பழக்கமும் கூடவே வளர்ந்துவிட்டது.

அந்த இரண்டு மாதத்தைச் சொந்த ஊரிலேயே பயன்படுத்தலாம். குடுபல்லி பக்கம் தக்காளி விலை, பட்டுக்கூடு, போர்வெல் ஆழம், தினமும் பெங்களூரு போய்வருகிறவர்களின் செலவு என்று 50 வீட்டில் கேட்டு எழுதினாலே நல்ல ப்ராஜெக்ட். நாளைக்கு ஒரு நேர்முகத் தேர்வில் சொந்தமாகப் பேச ஒரு விஷயம் கையில் இருக்கும்.

இங்கிலீஷ் மீடியம் பயம்

ஆந்திராவில் 2021-22இலிருந்து டிகிரி முழுவதும் இங்கிலீஷ் மீடியம். தமிழ் மீடியத்திலோ தெலுங்கு மீடியத்திலோ பத்தாவது வரை படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர் கண்ணைக் கட்டும். நிறைய பேர் பாடத்தில் தோற்பதில்லை, பாஷையில் தோற்கிறார்கள். முதல் செமஸ்டரில் நான்கு பேர் சேர்ந்து, ஒவ்வொரு பேப்பரிலும் வருகிற நூறு சொல்லைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொருள் புரிந்துவிட்டால் வாக்கியம் பிறகு வரும்.

மூன்று மொழி தெரிந்திருப்பதைக் குறையாகப் பார்க்கவும் வேண்டாம். 1997இல் தமிழ்நாடு, கர்நாடகா, கேரளாவின் ஆதரவோடு ஆந்திர அரசு திராவிடப் பல்கலைக்கழகத்தைக் குப்பத்தில் அமைத்ததற்குக் காரணமே இந்த மண்ணில் இந்த மொழிகள் கலந்து புழங்குவதுதான். தமிழ், மொழிபெயர்ப்பு என்று முதுகலைக்கு யோசிப்பவர்களுக்கு அது வீட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகம். திருப்பதியில் எஸ்.வி. பல்கலைக்கழகமும் பெண்களுக்கான பத்மாவதி மகிளா பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

பணம், பஸ், ரயில்

ஆந்திராவில் கட்டண உதவியை ஞானபூமி தளம் வழியாகக் கொடுக்கிறார்கள். 75 சதவீத வருகை கட்டாயம். தொலைதூரக் கல்விக்கும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கும் இது கிடையாது. பணம் தாமதமாக வருவது உண்டு. அதற்காகக் கல்லூரி உங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்களைப் பிடித்து வைக்கக் கூடாது. 2018இல் யுஜிசி இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சேர்க்கைக்கு ஒரிஜினலைக் காட்டி, சரிபார்த்தவுடன் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணத்தில் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை: டிகிரி வரை படிக்கும் மாணவிகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே ரயிலில் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். மாணவர்களுக்கு சீசன் டிக்கெட்டில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு; எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதச் சலுகை. கல்லூரி கையெழுத்து போட்ட படிவம் வேண்டும். பஸ்ஸில் 2025 ஆகஸ்ட் 15 முதல் ஸ்த்ரீ சக்தி திட்டத்தில் ஆந்திரப் பெண்களுக்கு மாநிலத்துக்குள் கட்டணம் இல்லை. எல்லை தாண்டிப் போகும் மாணவிக்கு தினமும் ஆகும் பஸ் செலவை இதோடு வைத்துப் பாருங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம் என்று தொலைதூரக் கல்வி சேர்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஸ்டடி சென்டர்' போர்டு மாட்டிய இடங்களில் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த வருஷம் அந்தப் படிப்பை நடத்த அனுமதி இருக்கிறதா என்று யுஜிசி தொலைதூரக் கல்விப் பிரிவின் தளத்தில் பாருங்கள். ஒரு வருஷத்தில் டிகிரி தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதுவது?

நோட்டில் ஒரு பக்கம் எடுங்கள். மேலே, போக நினைக்கும் வாசல்கள் இரண்டு. ஒன்று ஆசைப்பட்டது, இன்னொன்று அது நடக்காவிட்டால். உதாரணமாக, வேதியியல் ஸ்கூல் அசிஸ்டென்ட், இல்லையென்றால் மருந்து கம்பெனி லேப். ஒவ்வொன்றுக்கும் கேட்கும் பாடம், மதிப்பெண், நுழைவுத் தேர்வு பெயரை எழுதுங்கள். கீழே ஆறு செமஸ்டருக்கு ஆறு கோடு. ஒவ்வொன்றிலும் எத்தனை கிரெடிட் முடிய வேண்டும், கோடை விடுமுறையில் என்ன. ஓரத்தில், "நடுவில் நிற்க வேண்டி வந்தால்" என்று ஒரு வரி: எந்த செமஸ்டரில் நின்றால் கையில் என்ன சர்டிபிகேட் இருக்கும் என்று.

இதை எடுத்துக்கொண்டு உங்கள் பாட லெக்சரரிடம் போங்கள். "சார், இது சரியா பாருங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினால் பதில் சொல்லாத ஆசிரியர் குறைவு. "என்ன படிக்கலாம் சார்" என்று பொதுவாகக் கேட்டால்தான் பொதுவான பதில் வரும். பிறகு அதே பக்கத்தை வீட்டில் அம்மா அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். எத்தனை வருஷம், எவ்வளவு செலவு, எப்போது சம்பாதிப்பாய் என்ற மூன்று கேள்விக்கு அதில் பதில் இருக்க வேண்டும். அவர்கள் கேட்பதும் அதைத்தான்.

ஒருவேளை சேர்ந்த கல்லூரியே சரியில்லை என்று தெரிந்தால், அதற்கும் தேதி உண்டு. யுஜிசி விதிப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் செயல்முறைக் கட்டணம் போக முழுப் பணமும், 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதமும் திரும்பும். கடைசித் தேதி முடிந்து 15 நாள் வரை 80 சதவீதம், 30 நாள் வரை 50 சதவீதம். அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. கடிதத்தின் நகலில் கல்லூரி ஆபீஸின் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.